குட்டிக் கார் கட்டும் பிள்ளை



லீவு நாளில் பிள்ளைகளை எப்படி வைத்துக்கொள்வது என்று கொஞ்ச நாள் முன்னே இந்தப் பக்கத்தில் எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டு ஈரோட்டுப் பக்கத்திலிருந்து ஒரு சகோதரி நீளமாகக் கடிதம் போட்டிருக்கிறார். மகன் பத்தாவது படிக்கிறானாம். கையில் காசு சேர்ந்தால் போதும், குட்டிக் கார் ஒன்று வாங்கி வந்துவிடுவானாம். வாங்கினதோடு நின்றாலும் பரவாயில்லை. அதைக் கழற்றுகிறான், பெயின்டைச் சுரண்டுகிறான், வேறு கலர் அடிக்கிறான், சக்கரத்தை மாற்றுகிறான், மறுபடி பூட்டுகிறான். வீடெல்லாம் தின்னர் நாற்றம். "இன்னொரு தடவை இந்தக் குப்பையைப் பார்த்தேன், மூட்டை கட்டிக் கிணற்றில் போட்டுவிடுவேன்" என்று அவன் அப்பா சத்தம் போட, பிள்ளை இரண்டு நாளாக அப்பாவோடு பேசவில்லையாம். "நடுவிலே நான் என்ன செய்யட்டும், அக்கா?" என்று முடித்திருக்கிறார்.

சகோதரி, எங்கள் வீட்டிலும் நாலு வருஷமாக இதே கூத்துத்தான். என் மகன் இப்போது பதினொன்றாவது. அதனால் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்து பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

இது என்ன வேலை?

முதலில் இது வெறும் பொம்மை விளையாட்டு இல்லை என்பதை உங்கள் வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். நிஜக் காரைக் கணக்குப்படி சுருக்குகிறார்கள். அதற்கு ஸ்கேல் என்று பெயர். நம் அம்பாசடர் கார் சுமார் 432 சென்டிமீட்டர் நீளம். அதை 24-ல் ஒரு பங்காக்கினால் 18 சென்டிமீட்டர். மேஜை மேல் வைத்து அழகு பார்க்கலாம். 64-ல் ஒரு பங்காக்கினால் ஏழு சென்டிமீட்டருக்கும் கொஞ்சம் குறைவு, உள்ளங்கைக்குள் அடங்கும். கதவு, கண்ணாடி, சக்கரம் எல்லாமே அதே கணக்கில் சுருங்க வேண்டும். ஒன்று தப்பினாலும் கண்ணுக்கு உறுத்தும். விகிதக் கணக்கென்றால் ஓடி ஒளிகிற பிள்ளைகூட இதில் தானாகவே போட்டுப் பார்க்கும்.

இதில் இரண்டு வகை. ஒன்று, பிளாஸ்டிக் கிட். வாழைச் சீப்பு போலச் சட்டத்தில் ஒட்டிக்கொண்டு வரும் பாகங்களை வெட்டியெடுத்து, தேய்த்து, ஒட்டி, பெயின்ட் அடித்துக் கட்டுவது. இன்னொன்று, கடையில் கிடைக்கும் உலோகக் காரைப் பிரித்துத் தன் விருப்பப்படி மாற்றுவது. இதைக் கஸ்டம் என்கிறார்கள். ரெடிமேட் ரவிக்கையைப் பிரித்து, கை நீளத்தைக் குறைத்து, பார்டர் வைத்து நம் உடம்புக்குத் தைத்துக்கொள்கிறோமே, அதே சமாசாரம்தான்!

இதன் கதையும் சுவாரசியமானது. 1950-களின் தொடக்கத்தில் லண்டனில் லெஸ்னி என்ற கம்பெனியின் பங்குதாரர் ஜாக் ஓடெல். அவருடைய மகள் படித்த பள்ளியில், தீப்பெட்டிக்குள் அடங்குகிற பொம்மையைத்தான் கொண்டு வரலாம் என்று சட்டம். அந்தக் குழந்தைக்காக அவர் பித்தளையில் குட்டியாக ஒரு ரோடு ரோலர் செய்து கொடுத்தார். அதைப் பார்த்து மற்றக் குழந்தைகளும் கேட்க, 1953-ல் தீப்பெட்டி என்ற பெயரிலேயே, அதாவது மேட்ச்பாக்ஸ் என்று, உலகமெங்கும் போன பொம்மைக் கார்கள் பிறந்தன. பெண் குழந்தைக்காகச் செய்தது, பாருங்கள்! இது பையன்கள் சமாசாரம் என்று யார் சொன்னது?

அமெரிக்காவில் ஏ.எம்.டி. என்ற கம்பெனி 1958-ல் ஒரே பெட்டியை மூன்று விதமாகக் கட்டலாம் என்று கிட் கொண்டு வந்தது. கடையில் வந்தபடி கட்டலாம், அலங்காரமாக மாற்றிக் கட்டலாம், பந்தயக் காராகவும் கட்டலாம். பிறகு 1968-ல் ஹாட் வீல்ஸ் வந்தது. முதல் வருஷம் 16 கார்கள். அவற்றில் பலவற்றின் பெயரே கஸ்டம் என்றுதான் தொடங்கும். அதைக் கொண்டு வந்த மேட்டல் கம்பெனியில் கணவரும் மனைவியும் பங்கு. மனைவி ரூத் ஹேண்ட்லர் 1959-ல் பார்பி பொம்மையைக் கொடுத்தார். கணவர் எலியட் ஹேண்ட்லர் ஒன்பது வருஷம் கழித்துக் காரைக் கொடுத்தார். ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா கம்பெனியோ 1946-ல் மரக்கடையாகத் தொடங்கி, மரப் பொம்மைக்கு வந்து, அப்புறம் பிளாஸ்டிக் கிட்டுக்கு மாறியது.

வேலை நடக்கிற விதம்

கிட்டைப் பிரித்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? சோப்புத் தண்ணீரில் கழுவுவது! அச்சிலிருந்து எடுக்கும்போது ஒட்டிய எண்ணெய்ப் பசை இருந்தால் பெயின்ட் பிடிக்காது. கழுவிக் காய வைத்து, பாகங்களை வெட்டியெடுத்து, வெட்டின இடத்தை நைசான உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். அடுத்து பிரைமர். அது காய்ந்த பிறகுதான் கலர். ஒரே பூச்சில் அப்பினால் வழியும். மெல்லிசாக ஒரு பூச்சு, காய்ந்ததும் இன்னொன்று, அப்புறம் இன்னொன்று. மழை ஈரமான நாளில் பளபளப்புப் பூச்சு அடித்தால் பால் போல வெளுத்துவிடும். வடகம் போடுவதற்கு வெயில் பார்க்கிற மாதிரி இதற்கும் நாள் பார்க்கத்தான் வேண்டும். பெயின்ட் அடித்த காரின் மேல் ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கவிழ்த்து வைத்தால் தூசி படியாது.

உலோகக் காரென்றால் அடியில் ரிவெட் இருக்கும். அதைச் சின்ன டிரில்லால் குடைந்தால் அடித்தட்டு தனியே வந்துவிடும். பழைய பெயின்டை நீக்கி, கழுவி, புதிதாக அடித்து, குட்டித் திருகாணி போட்டுப் பூட்ட வேண்டியதுதான். நம்பர், கோடு, படம் எல்லாம் தண்ணீரில் நனைத்தால் வழுக்கி வரும் மெல்லிய ஸ்டிக்கராகக் கிடைக்கின்றன.

சாமானுக்குப் பெரிய செலவு வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் உபயோகப்படுகிறவற்றைச் சொல்கிறேன்:

பாகங்களை ஒட்டிப் பிடித்து வைக்க துணிக் கிளிப். பம்பரைப் பளபளப்பாக்க சாக்லேட் சுற்றிவரும் ஜிகினாத் தாள். முன்பக்க வலைக்குப் பழைய டீ வடிகட்டியின் கம்பி வலை. உள்ளே கார்ப்பெட்டுக்கு வெல்வெட் ரவிக்கைத் துணியின் வெட்டு. என்ஜின் ஒயருக்குக் கெட்டுப்போன சார்ஜரின் உள்கம்பி. ஏரியலுக்குக் குண்டூசி. சைடு கண்ணாடிக்குச் சமிக்கி. முகப்பு விளக்குக்குத் தீர்ந்துபோன மாத்திரை அட்டையின் கண்ணாடிக் குமிழி. பெயின்ட் கலக்க சோடா மூடி. இதையெல்லாம் எடுத்துக் கொடுக்கிற சாக்கில் நாம் பிள்ளையின் பக்கத்தில் உட்காரலாம். "இது எதுக்குடா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும். ஸ்கூலில் நடந்ததைக் கேட்டால் வாயைத் திறக்காத பிள்ளை, காரைப் பற்றிக் கேட்டால் அரைமணி நேரம் பேசுகிறான். அந்தப் பேச்சினூடே ஸ்கூல் விஷயமும் வந்துவிடும்!

தாத்தாவின் டாக்சி

என் மாமனார் முப்பது வருஷம் கோயமுத்தூரில் அம்பாசடர் டாக்சி ஓட்டினவர். இரண்டு வருஷம் முன்னால் அவருக்குப் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு சுவரைப் பார்த்தபடியே படுத்திருப்பார். விரலுக்குப் பலம் வர துணிக் கிளிப்பை அமுக்கி அமுக்கி விடச் சொல்லியிருந்தார் பிசியோதெரபி டாக்டர். நாங்கள் கொடுத்தால் வாங்கித் தூர வைத்துவிடுவார். "நான் என்ன சின்னப் பையனா?" என்று கோபம்.

என் மகன் ஒரு பிளாஸ்டிக் அம்பாசடர் பொம்மையை வாங்கி வந்து அவர் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து பிரித்தான். "அப்பாரு, உங்க டாக்சி எப்படி இருந்துச்சு?" என்று கேட்டான். கறுப்பு உடம்பு, மஞ்சள் கூரை என்பது எங்களுக்கும் தெரியும். அவர் சொன்னது வேறு. கியர் தரையில் இல்லை, ஸ்டியரிங் பக்கத்தில் இருக்க வேண்டும். முன் சீட் ஒரே பெஞ்சாக இருக்க வேண்டும். மேலே கேரியர் இல்லாமல் என்ன டாக்சி? ஒவ்வொரு வார்த்தையாகத் திணறித் திணறிச் சொன்னார். பையன் ஊதுபத்திக் குச்சியில் கேரியர் செய்தான். ஒட்டின இடத்தைக் கிளிப்பை அமுக்கிப் பிடித்துக்கொள்வது தாத்தா வேலை. "விட்றாதீங்க அப்பாரு, பசை காயலை" என்று அதட்டல் வேறு! டாக்டர் சொல்லிக் கேட்காத மனுஷர், பேரன் சொல்லிக் கேட்டார்.

கார் வேலையால் வியாதி குணமாயிற்று என்று நான் சொல்ல வரவில்லை. மருந்தும் பயிற்சியும்தான் வைத்தியம். ஆனால் பயிற்சி செய்ய மனசு வர வேண்டுமே! அது இந்தக் காரால்தான் வந்தது. இன்று அவர் இடது கையால் காபி டம்ளரைப் பிடித்து, வலது கையைத் துணைக்குக் கொடுத்துக் குடிக்கிறார். பாருங்கள், அந்த அம்பாசடரை உத்தரபாராவில் செய்வதை 2014-லேயே நிறுத்திவிட்டார்கள். ஆனால் எங்கள் வீட்டு டி.வி. மேஜையில் ஒன்று நிற்கிறது.

கவனம், சகோதரிகளே!

இனி முக்கியமான விஷயம். அந்த அப்பாவின் கோபத்தில் ஒரு நியாயம் உண்டு. தின்னர் நாற்றம் வெறும் நாற்றமில்லை. தலைவலி, மயக்கம், மூச்சுத் தொந்தரவு எல்லாம் தரக்கூடியது. ஆகவே சில கட்டுப்பாடுகள்:

1. ஸ்ப்ரே, தின்னர், பெயின்ட் நீக்கி ஆகியவற்றை மொட்டை மாடியிலோ திறந்த முற்றத்திலோதான் திறக்க வேண்டும். துணி மாஸ்க் தூசியைத்தான் ஓரளவு தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கர்ப்பிணிகளும் கைக்குழந்தையும் ஆஸ்துமாக்காரர்களும் பக்கத்தில் வேண்டாம்.

2. இவை குபீரென்று பற்றிக்கொள்ளும். அடுப்பு, பூஜை விளக்கு, கொசுவத்தி பக்கத்தில் கூடவே கூடாது.

3. தின்னரைத் தண்ணீர் பாட்டிலிலோ ஜூஸ் பாட்டிலிலோ ஊற்றி வைக்காதீர்கள். குழந்தை தெரியாமல் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். பாட்டிலையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

4. ஃபெவிக்விக் மாதிரிப் பசை விரலில் ஒட்டினால் பிய்க்காதீர்கள். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊற வைத்தால் மெல்ல விடும். பஞ்சால் துடைக்காதீர்கள், பஞ்சு பட்டால் அந்தப் பசை சூடேறிச் சுட்டுவிடும். கண்ணில் பட்டால் தண்ணீரால் கழுவிவிட்டு டாக்டரிடம் போய்விட வேண்டும்.

5. பழைய காலத்துப் பொம்மைகளின் பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகச் சுரண்டித் தூசி கிளப்பக் கூடாது. தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் வாட்டர் பேப்பர்தான் நல்லது. முடிந்ததும் கை கழுவிய பிறகே சாப்பாடு.

6. வீட்டில் 3 வயதுக்குக் கீழே குழந்தை இருந்தால், சக்கரமும் திருகாணியும் வாய்க்குள் போய்விடும். ஓரம் உயர்ந்த தாம்பாளத்துக்குள்தான் வேலை. முடிந்ததும் எண்ணி டப்பாவில் போட்டு மேல் அலமாரியில் வைக்க வேண்டும். பிளேடுக்கு மூடி அவசியம்.

பணமும் பரீட்சையும்

வெளிநாட்டுக் கிட்டெல்லாம் ஆயிரக்கணக்கில் விலை. அதற்கு நாம் கட்டுப்பட வேண்டியதில்லை. மாதம் இவ்வளவு என்று ஒரு கவரில் போட்டுக் கொடுத்துவிடுங்கள். அது தீர்ந்தால் அடுத்த மாதம்தான். "இந்தக் காரா, அந்தப் பெயின்டா?" என்று அவனே யோசிக்கட்டும். பழைய காரையே மூன்று தரம் மாற்றலாம்; கஸ்டம் வேலையின் அழகே அதுதான்.

பத்தாவது பரீட்சைக்கு? அடியோடு நிறுத்தச் சொன்னால் மனசு அதிலேயே நிற்கும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் இரண்டு மணி நேரம் என்று வையுங்கள். பெயின்ட் காயக் காத்திருக்கிற வேலைதானே, வாரம் ஒரு பூச்சு போதும். பரீட்சை மாதத்தில் டப்பாவை மூடி, சாவியை அவன் கையிலேயே கொடுத்துவிடுங்கள். பிடுங்கி வைத்தால் வீம்பு வரும். நம்பிக் கொடுத்தால் பொறுப்பு வரும்.

இதனால் பிள்ளை பெரிய என்ஜினீயர் ஆகிவிடுவான் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். ஆனால் ஒரு காரியத்தைத் தொடங்கி, வீணாய்ப் போனதைத் தேய்த்து மறுபடி செய்து, முடித்து வைக்கிற பழக்கம் கட்டாயம் வரும். அது எந்த வேலைக்கும் உதவும்.

ஈரோட்டுச் சகோதரி, கிணற்றுக்குப் போகிற அந்த மூட்டையை முதலில் மொட்டை மாடிக்கு அனுப்புங்கள். நாற்றம் போனால் பாதிக் கோபம் போய்விடும். மீதிப் பாதிக்கு ஒரு யோசனை: உங்கள் வீட்டுக்காரர் முதன்முதலில் ஓட்டின வண்டி எது, என்ன கலர் என்று மகனை விட்டே கேட்கச் சொல்லுங்கள். என்ன நடந்தது என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள், காத்திருக்கிறேன்.