பழைய மடிக்கணினிக்குப் பதில் எது?

தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கியது. அரசுப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் பள்ளிகளிலும் மேல்நிலை வகுப்பு படித்த பிள்ளைகளுக்கும், பின்னர் கல்லூரி மாணவர்களுக்கும் எல்காட் நிறுவனம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் கிடைத்தன. தேனி மாவட்டத்தில் கெங்குவார்பட்டி போன்ற பேரூராட்சிகளில் பல வீடுகளுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அண்ணனோ அக்காவோ வாங்கி வந்த அந்தக் கணினியில்தான் இன்று தம்பி தங்கைகள் படிக்கிறார்கள். இப்போது அது திறக்க நேரமாகிறது. கரண்ட் போனால் உடனே அணைகிறது. அதற்குப் பதிலாக மடிக்கணினி வாங்குவதா, டேப்லெட் வாங்குவதா என்று பெற்றோர் கேட்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு விடை தேடும் வரிசை ஒன்று உண்டு. முதலில் பிள்ளையின் வேலை என்ன என்று பார்க்க வேண்டும். அடுத்து, பழைய கணினியில் உண்மையில் எது பழுது என்று பார்க்க வேண்டும். புதிதாக வாங்கும் பேச்சு அதற்குப் பிறகுதான் வர வேண்டும். கடையில் இந்த வரிசை பெரும்பாலும் தலைகீழாகிவிடுகிறது.

வேலையிலிருந்து தொடங்குவோம். ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கருவியில் நடப்பது பெரும்பாலும் படிப்பதும் பார்ப்பதும்தான். பாடநூல்கள் பிடிஎஃப் வடிவில் இலவசமாகக் கிடைக்கின்றன. புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டைக் கேமராவில் காட்டினால் பாடத்தின் காணொளி திறக்கும். பள்ளிக் கல்வித் துறை 2023-இல் வெளியிட்ட மணற்கேணி செயலியிலும் பாடங்கள் காணொளிகளாக உள்ளன. இவற்றுக்கு நல்ல திரையும் கேமராவும் போதும். தட்டச்சு செய்யும் தேவை குறைவு.

மேல்நிலையில் வேலையின் தன்மை மாறுகிறது. 2018-இல் வரத் தொடங்கிய புதிய பாடத்திட்டத்தில் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைகள் பதினொன்றாம் வகுப்பில் சி++ மொழியும் பன்னிரண்டாம் வகுப்பில் பைத்தான் மொழியும் படித்தார்கள். நிரல் எழுத வேண்டும், இயக்க வேண்டும், பிழை கண்டு திருத்த வேண்டும், மறுபடியும் இயக்க வேண்டும். ஒரு மாலையில் இது பலமுறை நடக்கும். தொடுதிரையில் அடைப்புக்குறியும் அரைப்புள்ளியும் தேடித் தேடித் தட்டும் பிள்ளை சீக்கிரம் சலித்துப்போகும். பொறியியல் படிப்புக்கான ஜேஇஇ மெயின் தேர்வு கணினியில்தான் நடக்கிறது. அதை எழுதப்போகும் பிள்ளைக்கும் பெரிய திரையும் மவுசும் பழக்கமாக வேண்டும்.

அடுத்து, பழைய கணினி ஏன் மெதுவாகிறது என்பதைப் புரிந்துகொள்வோம். கணினிக்குள் கவனிக்க வேண்டியவை மூன்று. கணக்கிடும் சில்லு ப்ராசஸர். அந்த நேரத்து வேலையை விரித்து வைத்திருக்கும் தற்காலிக நினைவகம் ரேம். கணினியை அணைத்த பிறகும் கோப்புகளை வைத்திருக்கும் இடம் சேமிப்பகம். மாந்தோப்பில் காய்களைக் கொட்டித் தரம் பிரிக்க விரிக்கும் தார்ப்பாய் போன்றது ரேம், சேமிப்பகம் குடோன். தார்ப்பாய் சின்னதாக இருந்தால் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து கொட்டி, திரும்ப உள்ளே வைத்து, மீண்டும் எடுக்க வேண்டியிருக்கும். ரேம் நிரம்பியதும் கணினி இதைத்தான் செய்கிறது. சேமிப்பகத்தின் ஒரு பகுதியை ரேம் போலப் பயன்படுத்தி, தகவல்களை மாற்றி மாற்றி எடுத்து வைக்கிறது.

பழைய கணினிகளின் சிக்கல் இங்கேதான் இரட்டிப்பாகிறது. திட்டத்தின் முதல் கட்ட மடிக்கணினிகளில் 2 ஜிபி ரேம்தான் இருந்தது. சேமிப்பகமோ ஹார்ட் டிஸ்க். அதற்குள் ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 சுற்று என்ற அளவில் சுழல, ஒரு முனை நகர்ந்து நகர்ந்து தகவலைப் படிக்கும். சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளைப் படிக்க ஒவ்வொரு முறையும் முனை இடம் மாற வேண்டும். இதற்கு மாற்று எஸ்எஸ்டி. அதில் சுழலும் பாகமே இல்லை. தகவல் முழுவதும் சில்லுகளில் இருக்கிறது. தொடர்ச்சியாகப் படிக்கும்போது பழைய ஹார்ட் டிஸ்க் நொடிக்குச் சுமார் 100 எம்பி தரும் இடத்தில், அதே இணைப்பில் பொருந்தும் எஸ்எஸ்டி 500 எம்பி வரை தரும். சிதறிய கோப்புகளில் வேறுபாடு இதைவிடப் பல மடங்கு.

ஆகவே பழைய மடிக்கணினியின் மதர்போர்டும் திரையும் நன்றாக இருந்தால், ஹார்ட் டிஸ்கைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் இரண்டரை அங்குல எஸ்எஸ்டி பொருத்தலாம். ரேமையும் 4 ஜிபி, மாடல் இடம் கொடுத்தால் 8 ஜிபி என்று கூட்டலாம். பேட்டரியையும் மாற்றலாம். பத்தலகுண்டிலோ பெரியகுளத்திலோ தேனியிலோ கணினி பழுது பார்ப்பவருக்கு இது அரை நாள் வேலைகூட இல்லை. மதர்போர்டே போயிருந்தால் செலவு செய்ய வேண்டாம். திரையும் உடைந்து பேட்டரியும் செத்திருந்தால், இரண்டின் விலையையும் கூட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

பேட்டரியில் ஓர் எச்சரிக்கை உண்டு. மடிக்கணினியைச் சமதளமான மேசையில் வைத்துப் பாருங்கள். அடிப்பாகம் ஆடினாலோ, விரல் தடவும் டச்பேட் மேலெழும்பி அழுத்த மறுத்தாலோ, விசைப்பலகை நடுவில் புடைத்திருந்தாலோ, உள்ளே பேட்டரி வீங்கியிருக்கக்கூடும். அதைச் சார்ஜில் போடக் கூடாது. குத்தவோ அழுத்தவோ கூடாது. பழுது பார்ப்பவரிடம் கொடுத்து அகற்றிவிட வேண்டும். பிள்ளை படுக்கையில் வைத்துப் பயன்படுத்தும் கருவி இது என்பதால் இந்தச் சோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.

பழைய கணினியைத் தொடர்வதில் இன்னொரு தடை மென்பொருள். கணினியை இயக்கும் அடிப்படை மென்பொருளை இயங்குதளம் என்கிறோம். விண்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழக்கமான பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியுடன் நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு ஏற்பாடு வேண்டும்; இன்டெல் ப்ராசஸர் என்றால் ஏறக்குறைய எட்டாம் தலைமுறையிலிருந்துதான் விண்டோஸ் 11 ஏற்கும். திட்டத்தின் தொடக்க ஆண்டுகளில் வந்த கணினிகள் இந்த வரம்புக்குள் வராது. அவற்றுக்கு உள்ள வழி லினக்ஸ். அது இலவசம், புதுப்பிப்புகள் தொடர்ந்து வருகின்றன, பைத்தானும் சி++ மொழியும் அதில் நன்றாக ஓடும். அந்த மடிக்கணினிகளில் விண்டோஸுடன் சேர்த்துக் கொடுத்த பாஸ் என்ற இயங்குதளமும், சென்னை சி-டாக் உருவாக்கிய ஒரு லினக்ஸ்தான்.

இனி, புதிய மடிக்கணினிக்கு வருவோம். கடையில் பல எண்கள் சொல்வார்கள். பள்ளி வேலைக்கு முதலில் பார்க்க வேண்டியவை இரண்டு: ரேம் 8 ஜிபி, சேமிப்பகம் 256 ஜிபி எஸ்எஸ்டி. மலிவான சில கருவிகளில் எஸ்எஸ்டிக்குப் பதிலாக இஎம்எம்சி என்ற மெதுவான சேமிப்பகம் 64 ஜிபி அளவில் இருக்கும். விண்டோஸும் அதன் புதுப்பிப்புகளுமே அதில் பெரும்பகுதியை எடுத்துக்கொள்ளும். ‘64 ஜிபி’ என்று எழுதியிருந்தால் அது என்ன வகை என்று கேளுங்கள்.

ப்ராசஸரின் பெயரைப் படிக்கக் கற்றுக்கொள்வது எளிது. இன்டெலின் கோர் ஐ3-1215யு என்று இருந்தால் கோட்டுக்குப் பின் வரும் 12 என்பது பன்னிரண்டாம் தலைமுறை. ஐ3-6006யு என்று நான்கு இலக்கத்தில் 6-இல் தொடங்கினால் அது ஆறாம் தலைமுறை. இரண்டுக்கும் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் ‘ஐ3’ என்றே இருக்கும். ஒன்று விண்டோஸ் 11-ஐ ஏற்கும், மற்றது அதன் பட்டியலில் இல்லை. இதே போல ஏஎம்டியின் ரைசன் 3 7320யு, ரைசன் 3 7330யு இரண்டும் ஒரே வரிசை போலத் தோன்றும். முன்னால் உள்ள 7 விற்பனைக்கு வந்த வரிசையைக் குறிக்கிறது. உள்ளமைப்பின் தலைமுறையைச் சொல்வது மூன்றாம் இடத்து எண். 2 என்றால் 2019-இல் வந்த வடிவமைப்பு. 3 என்றால் அதற்கு அடுத்தது. பள்ளி வேலைக்கு இரண்டுமே போதும். ஆனால் 7320யு உள்ள கணினிகளில் ரேம் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும். பிறகு கூட்ட முடியாது. எனவே வாங்கும்போதே 8 ஜிபி இருக்கிறதா என்று பார்த்தாக வேண்டும்.

டேப்லெட்டின் கணக்கு வேறு. எடை குறைவு, பேட்டரி அதிக நேரம் நிற்கும், உடனே திறக்கும். பாடநூல் பக்கத்தைப் பெரிதாக்காமல் படிக்கப் பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட திரை வேண்டும். எட்டு அங்குலத்தில் பிள்ளை பக்கத்தை நகர்த்திக்கொண்டே இருக்கும். சிம் போடும் டேப்லெட், வைஃபை மட்டும் உள்ள டேப்லெட் என இரண்டு வகை உண்டு. வீட்டில் தனி இணைய இணைப்பு இல்லாமல் அப்பாவின் போனிலிருந்துதான் ஹாட்ஸ்பாட் எடுக்க வேண்டும் என்றால், அவர் தோட்டத்துக்கோ வேலைக்கோ போன நேரத்தில் வைஃபை டேப்லெட்டில் இணையம் இருக்காது. அப்படிப்பட்ட வீட்டுக்குச் சிம் வகை பொருந்தும். இல்லையென்றால் பாடங்களை முன்கூட்டியே இறக்கி வைக்கும் பழக்கம் வேண்டும்.

டேப்லெட்டின் குறை பழுது பார்ப்பதில் தெரியும். திரையும் பேட்டரியும் பசையால் ஒட்டப்பட்டிருக்கும். ரேமையும் சேமிப்பகத்தையும் மாற்றவே முடியாது. தயாரிப்பாளர் எத்தனை ஆண்டுகள் ஆண்ட்ராய்டு புதுப்பிப்புகள் தருவார் என்பதே அதன் ஆயுள். அந்த ஆண்டுக் கணக்கு நிறுவனத்துக்கு நிறுவனம், மாடலுக்கு மாடல் மாறுகிறது. விலையைக் கேட்கும் முன் அதைக் கேட்க வேண்டும். புளூடூத் விசைப்பலகை சேர்த்தால் கட்டுரை எழுதலாம். ஆனால் பள்ளி ஆய்வகத்தில் உள்ள அதே மென்பொருள் அதில் ஓடாது.

மூன்றாவது வழியும் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் சில ஆண்டுகள் பயன்படுத்திக் கழித்த மடிக்கணினிகளைச் சரிசெய்து விற்கிறார்கள். இவற்றின் கட்டமைப்பு உறுதியானது, ரேமை மாற்றவும் பெரும்பாலும் இடம் இருக்கும். ப்ராசஸர் எட்டாம் தலைமுறைக்குக் குறையக் கூடாது. பேட்டரி ரிப்போர்ட் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விண்டோஸிலேயே அந்த வசதி உண்டு. தயாரித்தபோது இருந்த கொள்ளளவு 41,000 என்றும் இப்போதைய முழுக் கொள்ளளவு 28,700 என்றும் இருந்தால், மிச்சம் இருப்பது எழுபது சதவீதம். எழுத்துபூர்வமான வாரண்டி தராத கடையில் வாங்க வேண்டாம். எதை வாங்கினாலும் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்த முறையான பில் வாங்குங்கள். சர்வீஸ் சென்டரில் கேட்கும் முதல் தாள் அதுதான். அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டர் தேனியில் இருக்கிறதா, மதுரைக்குத்தான் போக வேண்டுமா என்பதையும் கேளுங்கள். பழுதான கணினியோடு மதுரைக்கு இரண்டு முறை போய் வந்தால் அது இரண்டு நாள் கூலி.

கல்லூரிக்குப் போகும் பிள்ளை இருக்கும் வீடுகள் ஒன்றைக் கவனிக்கலாம். 2025-26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினி அல்லது டேப்லெட் வழங்கும் திட்டத்தைத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. எல்காட் மூலம் கொள்முதல் செய்த மடிக்கணினிகள் 2026 ஜனவரியில் வழங்கப்படத் தொடங்கின. அதற்குக் கேட்கப்பட்ட அளவும் 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டிதான். இந்த ஆண்டு யாருக்குக் கிடைக்கும் என்பதைக் கல்லூரி அலுவலகத்தில் விசாரித்துவிட்டு வாங்குவது நல்லது. இப்போது அவசரமும் வேண்டாம், அளவுக்கு மீறிய செலவும் வேண்டாம். 2025-இன் கடைசியிலிருந்து நினைவகச் சில்லுகளின் விலை உலக அளவில் ஏறி, கணினி விலைகளையும் ஏற்றியிருக்கிறது.

இத்தனையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு முடிவு தெரிகிறது. அது எல்லா வீட்டுக்கும் அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது. ஆனால் பெரும்பாலான வீடுகளுக்கு உதவும். பத்தாம் வகுப்புக்குள் இருக்கும் பிள்ளைக்குப் பழைய மடிக்கணினியில் எஸ்எஸ்டி பொருத்தி லினக்ஸ் போட்டாலே போதும். அது சரிசெய்ய முடியாத நிலையில் இருந்தால் பத்து அங்குலத்துக்கு மேற்பட்ட டேப்லெட் வாங்கலாம். மேல்நிலையில் கணினி அறிவியல் படிக்கும் பிள்ளைக்கு மடிக்கணினிதான் சரி. கையில் பணம் குறைவாக இருந்தால் 2 ஜிபி, 4 ஜிபி ரேமுள்ள புதுக் கருவியைவிட, 8 ஜிபி ரேமும் வாரண்டியும் உள்ள பழைய நிறுவனக் கணினி மேல். கடைக்குப் புறப்படும் முன் பிள்ளையையும் உட்கார வைத்து, அது செய்ய வேண்டிய வேலைகளை ஒரு தாளில் எழுதுங்கள். அந்தத் தாளில் இல்லாத எந்த வசதிக்கும் பணம் கொடுக்காதீர்கள்.