மஞ்சள் நோட்டீஸ் கொடுத்தால் வீடு மிஞ்சுமா? - சொந்தத் தொழில் செய்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

‘பேசாம மஞ்சள் நோட்டீஸ் விட்டுட வேண்டியதுதான்!’ - தொழிலில் அடிமேல் அடி வாங்கியவர்கள் விரக்தியில் சொல்லும் வார்த்தை இது. ‘ஐ.பி கொடுப்பது’ என்றும் சொல்வார்கள். கடனை அடைக்க வழியில்லாதவர், தன்னைத் திவாலானவராக அறிவிக்கக் கோரி நீதிமன்றத்தில் போடும் மனுவுக்குத்தான் இந்தப் பெயர்கள்.

மனு போட்டால் வீடு என்ன ஆகும், மனைவியின் நகை என்ன ஆகும், எல்.ஐ.சி பணம் மிஞ்சுமா? இதைத் தெரிந்துகொள்ளாமலே பலர் அவசரமாகச் செய்யும் முதல் காரியம், வீட்டை மனைவி பெயருக்கு மாற்றுவது. பெரும்பாலும் சிக்கல் ஆரம்பிப்பதே அங்கேதான்.

கடை வேறு, நீங்கள் வேறு அல்ல!

திருப்பூரில் பத்து பேரை வைத்து பவர் டேபிள் யூனிட் நடத்தும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஜி.எஸ்.டி பதிவு, கரன்ட் அக்கவுன்ட், போர்டு எல்லாம் யூனிட் பெயரில் இருக்கின்றன. ஆனால், சட்டத்தின் பார்வையில் யூனிட்டும் அவரும் ஒருவரே. தனி உரிமையாளராக நடத்தும் எந்தத் தொழிலுக்கும் இதுதான் நிலை. நூல் கடைக்காரருக்குத் தர வேண்டிய பாக்கிக்கு மெஷின் மட்டுமல்ல, அவர் பெயரில் உள்ள வீடு, மனை, பைக் வரை பொறுப்பு.

எந்தச் சட்டம் பொருந்தும்?

2016-ல் வந்த திவால் சட்டம் கம்பெனிகளுக்கும், கம்பெனிக் கடனுக்குத் தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தவர்களுக்கும்தான் நடைமுறையில் இருக்கிறது. தனி உரிமையாளர்களுக்கான பகுதி இன்னும் அமலுக்கு வரவில்லை. அதனால், சென்னையில் 1909-ம் ஆண்டுச் சட்டப்படி உயர் நீதிமன்றத்திலும், மற்ற ஊர்களில் 1920-ம் ஆண்டு மாகாண நொடிப்புச் சட்டப்படி அந்தந்தப் பகுதி நீதிமன்றத்திலும்தான் மனு போட வேண்டும்.

1920-ம் ஆண்டுச் சட்டப்படி 500 ரூபாய் கடன் இருந்தாலே மனு போடலாம். ஆனால், கடனை அடைக்க இயலாத நிலை உண்மையாக இருக்க வேண்டும். நீதிமன்றம் ‘திவால்’ என்று அறிவித்ததும் அவருடைய சொத்துகள் நீதிமன்றத்தின் அல்லது அஃபிஷியல் ரிசீவரின் பொறுப்புக்குப் போய்விடும். அவற்றை விற்று, கடன் கொடுத்தவர்களுக்குப் பிரித்துத் தருவார்கள்.

எதையெல்லாம் தொட முடியாது?

சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு ஜப்தி செய்யக் கூடாதவற்றைப் பட்டியலிடுகிறது. 1920-ம் ஆண்டுச் சட்டமும் இதையே பின்பற்றுகிறது. (சென்னைக்கான சட்டத்தில் இந்தச் சலுகை இன்னும் குறுகியது.)

* குடும்பத்தினரின் உடைகள், சமையல் பாத்திரங்கள், படுக்கைகள்.
* மத வழக்கப்படி ஒரு பெண் கழற்றக் கூடாத தாலி போன்ற அணிகலன்கள்.
* கைவினைஞரின் கருவிகள். தச்சரின் உளியும் இழைப்புளியும் தப்பும். ஆனால், ஆள் வைத்து ஓட்டும் யூனிட்டின் மெஷின்களுக்கு இந்தச் சலுகையை எதிர்பார்க்க முடியாது.
* அவரது ஆயுள் காப்பீட்டு பாலிசியில் கிடைக்கும் பணம்.
* பி.பி.எஃப் கணக்கில் உள்ள தொகை.

வீடு? விவசாயி, கூலித் தொழிலாளி, வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் வீட்டுக்குத்தான் இந்தப் பிரிவில் பாதுகாப்பு. யூனிட் உரிமையாளரின் வீட்டுக்கு இல்லை. ‘குடியிருக்கிற வீட்டை எப்படி எடுப்பார்கள்?’ என்ற நம்பிக்கை தவறு. அடமானத்தில் இருக்கும் வீடு என்றால், திவால் மனு நிலுவையில் இருந்தாலும் வங்கி தன் அடமான உரிமையைப் பயன்படுத்தலாம்.

மனைவி பெயருக்கு மாற்றினால்?

செட்டில்மென்ட் பத்திரம் எழுதிய இரண்டு ஆண்டுகளுக்குள் மனு தாக்கலாகி, அவர் திவாலானவர் என அறிவிக்கப்பட்டால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்யலாம். உரிய விலை கொடுத்து நேர்மையாக வாங்கியவருக்கு விலக்கு உண்டு. இரண்டு ஆண்டுகள் கடந்தாலும் நிம்மதி இல்லை. கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கத்தில் மாற்றப்பட்டது என்று நிரூபித்தால், சொத்து மாற்றுச் சட்டத்தின் 53-வது பிரிவின் கீழும் அதை ரத்து செய்ய வைக்கலாம்.

மனு போடுவதற்கு முந்தைய மூன்று மாதங்களில், மற்றவர்களை விட்டுவிட்டு மச்சானின் கடனை மட்டும் சலுகையாக அடைத்திருந்தால் அதுவும் செல்லாமல் போகலாம். சொத்தை மறைப்பது, கணக்குப் புத்தகத்தை அழிப்பது போன்றவற்றுக்கு ஓராண்டு வரை சிறைத் தண்டனையும் உண்டு.

அதேசமயம், மனைவி தன் சம்பாத்தியத்தில் வாங்கிய சொத்தும், பிறந்த வீட்டில் போட்ட நகையும் அவருக்கே சொந்தம். கணவரின் கடனுக்கு அவை பொறுப்பல்ல. ஆனால், ‘இது என்னுடையது’ என்று காட்ட பில், வங்கி ஸ்டேட்மென்ட் போன்ற ஆதாரங்கள் வேண்டும். முக்கியமாக, கடன் பத்திரத்தில் இணைக் கடன்தாரராகவோ ஜாமீன்தாரராகவோ மனைவி கையெழுத்து போட்டிருந்தால் இந்தப் பாதுகாப்பு போய்விடும்.

மனு போட்டால் தொல்லை நின்றுவிடுமா?

மனு போட்ட அன்றே எல்லாம் நின்றுவிடாது. திவால் என அறிவிக்கப்பட்ட பிறகுதான், நீதிமன்ற அனுமதி இல்லாமல் புதிதாக சிவில் வழக்கு போட முடியாது என்ற பாதுகாப்பு வருகிறது. செக் பவுன்ஸ் வழக்கு குற்ற வழக்கு என்பதால் அது தனியாக நடக்கும்.

இன்னொன்றையும் பலர் கோட்டை விடுகிறார்கள். நீதிமன்றம் சொல்லும் காலக்கெடுவுக்குள் ‘விடுவிப்பு’ கேட்டு மீண்டும் மனு போட வேண்டும். போடாவிட்டால் திவால் அறிவிப்பே ரத்தாகலாம். விடுவிப்பு கிடைக்கும்வரை புதிதாகச் சேரும் சொத்தும் ரிசீவரின் கைக்குத்தான் போகும். விடுவிப்பு கிடைத்தாலும் அரசுக்குச் செலுத்த வேண்டிய பாக்கி, மோசடியால் ஏற்பட்ட கடன், ஜீவனாம்சம் ஆகியவை தீராது.

நன்றாக இருக்கும்போதே செய்ய வேண்டியவை

1. தொழிலின் வடிவம்: எல்.எல்.பி அல்லது ஒரு நபர் கம்பெனியாகப் பதிவு செய்தால், பொதுவாகத் தொழில் கடன் தொழிலோடு நிற்கும். ஆனால், தனிப்பட்ட ஜாமீன் கொடுத்தால் அந்தத் தடுப்புச் சுவர் இடிந்துவிடும்.

2. அடமானம்: குறு, சிறு தொழில்களுக்குக் குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கிகள் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. வீட்டுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு போவதற்கு முன் இதைக் கேளுங்கள்.

3. காப்பீடு: திருமணமான பெண்கள் சொத்துரிமைச் சட்டம், 1874-ன் கீழ் கணவர் தன் பெயரில் பாலிசி எடுத்தால், அந்தப் பணம் மனைவி, பிள்ளைகளுக்கான அறக்கட்டளைச் சொத்தாகக் கருதப்படும். கடன்காரர்கள் உரிமை கோர முடியாது. பாலிசி எடுக்கும்போதே இதற்கான படிவத்தைக் கொடுக்க வேண்டும். கடன்காரர்களை ஏமாற்றும் நோக்கில் எடுத்திருந்தால் இந்தப் பாதுகாப்பு இல்லை.

4. தனிக் கணக்கு: வீட்டுச் செலவுக்கும் தொழிலுக்கும் வேறு வேறு வங்கிக் கணக்குகள் வைத்துக்கொள்ளுங்கள். கணக்குப் புத்தகம் சரியாக இருந்தால்தான் நீதிமன்றம் உங்கள் நேர்மையை நம்பும்.

தவணை தடுமாற ஆரம்பித்தவுடன் வங்கியில் கடன் மறுசீரமைப்பு அல்லது ஒரே தவணையில் தீர்வு பற்றிப் பேசுங்கள். அடுத்த கடன்காரரிடம் வட்டிக்கு வாங்கி முந்தைய கடனை அடைப்பதைவிட அது மேல். பேசியும் வழி கிடைக்காவிட்டால் வழக்கறிஞரைப் பாருங்கள். கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் இலவச சட்ட உதவிக்கு 15100 என்ற எண்ணில் அழைக்கலாம். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இந்த உதவி கிடைக்கும்.

போகும்போது சொத்துப் பத்திரம், கடன் விவரம், இரண்டு ஆண்டுகளில் செய்த பத்திரப் பதிவுகள் எல்லாவற்றையும் எடுத்துச் செல்லுங்கள். வழக்கறிஞரிடம் எதையும் மறைக்காதீர்கள். திவால் மனுவில் ஒருவரைக் காப்பாற்றுவது, அவர் உள்ளதை உள்ளபடி சொல்வதுதான்.