ஷரத்துன்னா ரெண்டு பேருக்கும்தாங்க

போன வாரம் ஒரு குத்தகைப் பத்திரம் கைக்கு வந்துச்சு. பூமிக்காரர் சென்னையில இருக்கார். மூணு ஏக்கர் கிணத்துப் பாசனம். குத்தகைக் காலம் 11 மாசம். 'கீழ்க்கண்ட ஷரத்துகளுக்கு இரு தரப்பாரும் சம்மதித்து' என்று ஆரம்பம். கீழே மொத்தம் 9 ஷரத்து. ஒன்பதும் எனக்குத்தான்! பணம் முன்கூட்டியே கட்டணும், மோட்டார் பழுதானா என் செலவு, கேட்டப்ப காலி பண்ணணும். கிணறு வத்திப் போனா குத்தகை குறையுமா? அதுக்கு ஒரு வரி இல்லை.

ஜாமீன், வசூல் மாதிரி ஷரத்தும் அரபியிலிருந்து வந்த சொல். 'அதான் நிபந்தனைன்னு நல்ல தமிழ் இருக்கே' என்பீர்கள். இருக்கு. ஆனா ரெண்டும் ஒண்ணு இல்லை. கோர்ட்டில் நிபந்தனை ஜாமீன் தருகிறார்கள். தினமும் ஸ்டேஷனில் கையெழுத்துப் போடணும் என்றால் போட்டுத்தான் ஆகணும், நீதிபதியோடு பேரம் பேச முடியாது. ஷரத்து அப்படி இல்லீங்க. ரெண்டு பேர் உட்கார்ந்து பேசி எழுதுறது. எனக்கு மட்டும் எழுதிவிட்டு அதை ஷரத்து என்று சொல்லாதீங்க. அது கட்டளை.

எங்க அப்பா காலத்தில் வாரத்துக்கு ஓட்டினார். பத்திரமே கிடையாது. ஆனா விளைச்சல் பாதியானா பூமிக்காரர் பங்கும் தானா பாதியாகும். எழுதாத ஷரத்து அது. இப்போ ரொக்கக் குத்தகை. மழை பொய்த்தால் நஷ்டம் ஓட்டுகிறவனுக்கு மட்டும்.

அந்த 11 மாசமும் அப்படித்தான். ஒரு வருஷத்தைத் தாண்டினால் 1908ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டப்படி பத்திரத்தைப் பதியணும். அதைத் தவிர்க்கத்தான் 11. வாழை வெச்சுத் தார் வெட்டி முடிக்கவே ஏறக்குறைய ஒரு வருஷம் ஆகும். தார் முத்துறதுக்குள்ள காலி பண்ணச் சொன்னா நான் எங்கே போறது?

நான் இன்னும் கையெழுத்துப் போடலை. ரெண்டு ஷரத்து சேர்க்கச் சொல்லி அனுப்பியிருக்கேன். தண்ணி வத்தினா குத்தகையில் கழிவு. நிற்கிற வெள்ளாமையை அறுக்கும்வரை அவகாசம். இன்னும் பதில் வரலை.

இதைப் படிக்கிற உங்களில் பலருக்கு ஊரில் தாத்தா பூமி இருக்கும், யாரோ ஒருத்தர் குத்தகைக்கு ஓட்டிக்கிட்டிருப்பார். அந்தப் பத்திரத்தை இன்னிக்கு ராத்திரி எடுத்துப் பாருங்க. அதில் உங்களுக்கு எத்தனை ஷரத்து இருக்குன்னு எண்ணுங்க.