உப்பில் ஏன் அயடீன்?


கடல் பாறையில் ஒட்டியிருந்து, தொட்டால் தண்ணீர் பீச்சும் உயிரினம் கடற்பீச்சி. அதன் தொண்டையில் ஒரு பள்ளம் உண்டு. உணவைப் பிடிக்கச் சளி சுரக்கும். கடல்நீரின் அயடீனையும் சேர்க்கும். நமது தைரொயிட் சுரப்பி இத்தகைய பள்ளத்திலிருந்து வந்தது என்று 1873இல் வில்ஹெல்ம் முல்லர் சொன்னார். லாம்ப்ரே மீனின் குஞ்சிலும் இதே பள்ளம் இருக்கிறது. வளரும்போது அது தைரொயிட்டாக மாறுகிறது.

பரிணாமம் என்ற சொல்லுக்குப் பயந்து ஆசிரியர்களான நாம் இதைத் தாண்டிப் போகிறோம். படைப்பைச் சிந்தித்துப் பார்க்கச் சொல்வதுதானே நம் மார்க்கம்?

உப்பில் ஏன் அயடீன் என்று கேட்கும் பிள்ளைக்கு, "கழலை வராமலிருக்க" என்பது பாதி விடைதான். கடலில் தொடங்கிய சுரப்பி, மழை கழுவிய மண்ணில் அயடீன் போதாமல் தவிக்கிறது. அந்த மீதி விடையையும் சொல்லிக் கொடுப்போம்.