இரவின் இரைச்சல்

இரைச்சல் காதுக்கு மட்டும் உரிய உபத்திரவம் அன்று. நக்ஷத்திரங்களுடன் கூடவே திரும்பும் பீடத்தில் டிஜிட்டல் காமிராவைப் பொருத்தி, நள்ளிரவில் ஐந்து நிமிஷம் ஆகாயத்தை நோக்கித் திறந்து வைத்தவர்களைக் கேளுங்கள்; கண்ணுக்கும் இரைச்சல் உண்டென்று சொல்வார்கள். கன்னங்கரேலென்று வரவேண்டிய வானத்தில் மணலை வாரி இறைத்தாற்போல் புள்ளிகள்; நடுநடுவே எந்தப் பஞ்சாங்கத்திலும் இல்லாத சிவப்பு, நீல நக்ஷத்திரங்கள்!

இத்தொல்லைக்கு முக்கிய காரணங்கள் மூன்று. முதலாவது, ஒளியின் சுபாவம். ஒளி, மழைத் துளிகளைப் போல் தனித்தனித் துகள்களாக விழுகிறது. சராசரி 100 துகள் விழுமிடத்தில் சுமார் 10 கூடும், குறையும். 10,000 விழுமிடத்தில் சுமார் 100தான் கூடும், குறையும். நூற்றுக்குப் பத்தாயிருந்த பிசகு நூற்றுக்கு ஒன்றாகி விடுகிறது. இரண்டாவது, உஷ்ணம். காமிராவிலுள்ள சிலிக்கன் சில்லு, ஒளியே படாவிட்டாலும் சூட்டினால் மின்னணுக்களை வெளிவிடுகிறது. சுமார் 6 டிகிரி சென்டிகிரேடு ஏறுந்தோறும் இது இரட்டிக்கிறது. 12 டிகிரியில் ஒரு பங்கு என்றால், 30 டிகிரியில் எட்டுப் பங்கு! மூன்றாவது, சேர்ந்த மின்னணுக்களை எண்ணிக் கணக்கெழுதும்போது யந்திரம் செய்யும் சிறு பிழை.

பரிகாரம் என்ன? காமிராவின் வாயை மூடிவிட்டு, அதே உஷ்ணத்தில், அதே நேர அளவுக்கு இன்னொரு படம் எடுக்க வேண்டும். இருட்டைப் படம் பிடிப்பது பைத்தியக்காரத்தனமாய்த் தோன்றலாம். ஆனால் அதில் பதிவதெல்லாம் யந்திரத்தின் சொந்தக் கோளாறு. இப்படிப் பல இருட்டுப் படங்களின் சராசரியை வானப் படத்திலிருந்து கழித்தால், பொய் நக்ஷத்திரங்கள் பெரும்பாலும் மறையும். எஞ்சிய மணற்புள்ளிகளுக்கு மருந்து பொறுமைதான். ஒரே காட்சியை 16 தடவை எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் கால் பங்காகும். ஒவ்வொரு தடவையும் காமிராவைக் கடுகளவு திருப்பி எடுத்தால், மிஞ்சிய கோளாறும் ஓரிடத்தில் நிலைக்காமல் கரையும்.

1995 டிசம்பரில் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கி, சப்தரிஷிகள் உள்ள பக்கத்தில் ஒரு சிறு இடத்தைப் பத்து நாள் உற்று நோக்கிற்று. எடுத்த படங்கள் 342. அவற்றை ஒன்றுசேர்த்தபோது, ஏறக்குறைய வெறும் இருட்டாய்த் தோன்றிய அவ்விடத்தில், கோடானுகோடி நக்ஷத்திரங்கள் அடங்கிய திரள்கள் சுமார் 3,000 தென்பட்டன.

இவ்வளவு சிரமம் எதற்கு, ஒரு பொத்தானை அழுத்தினால் கம்ப்யூட்டரே துடைத்துத் தருமே என்று கேட்பவர்கள் உண்டு. அபாயம் அங்கேதான் இருக்கிறது. மங்கிய நக்ஷத்திரத்துக்கும் இரைச்சற் புள்ளிக்கும் தனிப் படத்தில் ஒரே ஜாடை. துடைக்கும் கருவி இரண்டையும் சேர்த்துப் பெருக்கித் தள்ளிவிடலாம். செயற்கை அறிவு பெற்ற கருவியோ இல்லாததையும் தானே வரைந்துவிடக் கூடும். ஆண்ட்ரோமெடாத் திரளின் ஒளி சுமார் 25 லக்ஷம் வருஷம் பிரயாணம் செய்து நம்மிடம் வருகிறது. அத்தகைய விருந்தாளியை வாசலில் குப்பையென்று கூட்டித் தள்ளுவது தர்மமன்று. இல்லாததை இருப்பதாகக் காட்டுவது அதைவிட மோசம். அழகு மட்டும் வேண்டுவோர் சித்திரம் தீட்டட்டும். போட்டோ என்று சொன்னால் அது சாட்சியாக இருக்க வேண்டும் என்பது நமது அபிப்பிராயம்.

ஊர் விளக்குகளின் வெளிச்சமும் வானில் பரவித் தன் இரைச்சலைக் கொண்டுவருகிறது. அவ்வெளிச்சத்தைக் கணக்கில் கழிக்கலாம். அதன் இரைச்சலைக் கழிக்க இயலாது. லடாக்கில் சுமார் 4,500 மீட்டர் உயரத்தில் நமது இமாலயச் சந்திரா தொலைநோக்கி நிற்கும் ஹான்லேயில், 2022-ல் இருள் வானக் காப்பகம் ஏற்பட்டது. அங்குள்ள கிராமத்தார் ஜன்னலுக்குத் திரையிட்டு, விளக்கைத் தணித்து வானத்தைக் காக்கிறார்கள். தேசத்தின் செல்வங்களில் இருட்டும் ஒன்று என்பதை அவர்கள் அறிந்திருக்கிறார்கள். நமது மொட்டை மாடியில் வேண்டாத விளக்கை அணைப்பதற்கு எந்தச் சர்க்காரின் உத்தரவும் வேண்டியதில்லை.