முள் பொய் சொன்னால் பங்க் அக்கா என்ன செய்வார்?

500 ரூபாய்க்கு பெட்ரோல் போட்டாச்சு. பில்லும் வந்தாச்சு. ஆனால், மீட்டரில் முள் இம்மியும் நகரவில்லை. உடனே என்ன செய்வோம்? குழாயைப் பிடித்து நிற்கும் அக்காவை முறைப்போம். "ஜீரோ பாருங்கன்னு சொன்னீங்க, பார்த்தேன். போட்ட பெட்ரோல் எங்கக்கா போச்சு?" என்று ஆரம்பிக்கும் சண்டை, பின்னால் நிற்கும் வண்டிகளின் ஹாரனில்தான் முடியும். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் காலை ஷிஃப்ட் நேரத்தில் பங்க்குக்குப் போகிறவர்களுக்கு இந்தக் காட்சி புதுசில்லை.

சில இடங்களில் அளவு குறைவது நிஜம்தான். அதனால், முதலில் அந்தச் சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ளுங்கள். பங்க்கில் முத்திரையிட்ட 5 லிட்டர் அளவுக் கேன் இருக்கும். கேட்டால் உங்கள் கண் முன்னால் அதில் பிடித்துக் காட்ட வேண்டும். 5 லிட்டருக்கு 25 மில்லி வரை வித்தியாசம் அனுமதிக்கப்பட்டது. அதற்குள் வந்துவிட்டால் அக்கா மேல் தப்பில்லை. பிரச்னை உங்கள் காரில் இருக்கிறது.

காரிலும் எங்கே? இங்கேதான் பலருக்குப் பணம் வீணாகிறது.

வீட்டு மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியில், தண்ணீர் ஏற ஏற மிதந்து மேலே வரும் பந்தைப் பார்த்திருப்பீர்கள். பெட்ரோல் டேங்க்குக்குள்ளும் அப்படி ஒரு ஃப்ளோட், மெல்லிய கம்பியின் நுனியில் மிதக்கிறது. கம்பியின் மறுமுனையில் ஒரு சின்னத் தகடு. ஃப்ளோட் ஏறி இறங்கும்போது ஒரு தொடுமுனை அந்தத் தகட்டின் மேல் உரசிக்கொண்டே நகரும். அது நிற்கும் இடத்தைப் பொறுத்து மின்தடை மாறும். அந்த மாற்றம் ஒயர் வழியாக முன்னால் வந்து, மீட்டரில் முள்ளாகவோ கட்டங்களாகவோ தெரிகிறது. ஆக டேங்க் ஃப்ளோட், ஒயர், மீட்டர் என மூன்று இடங்களில் எது கெட்டாலும் நமக்குத் தெரிவது ஒரே பொய்தான்.

மீட்டரே கெடுமா என்று கேட்டால், கெடும். 2025 நவம்பரில் மாருதி சுஸுகி 39,506 கிராண்ட் விட்டாரா கார்களைத் திரும்ப அழைத்தது. 2024 டிசம்பர் 9 முதல் 2025 ஏப்ரல் 29 வரை தயாரானவை அவை. எரிபொருள் அளவையும், தீரப்போகும்போது எரியும் எச்சரிக்கை விளக்கையும் மீட்டர் சரியாகக் காட்டாமல் போகலாம் என்பதுதான் காரணம். சந்தேகத்துக்குள்ளானது டேங்க் இல்லை, ஸ்பீடோமீட்டர் தொகுதி. உங்கள் கார் அந்தத் தேதிகளுக்குள் வந்ததென்றால், சேஸிஸ் நம்பரோடு டீலரிடம் கேட்டுவிடுங்கள். பரிசோதனை, பார்ட் மாற்றம் எல்லாமே இலவசம்.

இதற்கு நேர் எதிரான கதை அமெரிக்காவில் 2004 மே மாதம் நடந்தது. ஃப்ளோரிடா, லூசியானா பக்கம் ஷெல் பங்க்குகளில் போட்ட பெட்ரோலில் கந்தகம் அதிகமாகிவிட்டது. டேங்க்குக்குள் இருந்த தொடுமுனைகளில் வெள்ளி உண்டு. வெள்ளிக் கொலுசு கறுத்துப்போவது போல அவையும் கறுத்துப்போக, கார்களின் முள்கள் கன்னாபின்னாவென்று காட்டின. பல பங்க்குகளில் விற்பனையையே நிறுத்தினார்கள். நம் ஊரில் 2020 ஏப்ரல் 1-லிருந்து வரும் பிஎஸ்-6 பெட்ரோலில் கந்தகம் 10 பிபிஎம்-தான். அதற்கு முந்தைய பிஎஸ்-4-ல் 50 வரை இருக்கலாம். அந்தக் கவலை நமக்குக் குறைவு. இப்போது எல்லாப் பழியும் எத்தனால் மேல் விழுகிறது. 'இ20 போட்டதால்தான் முள் கெட்டது' என்று வாட்ஸ்அப் ஃபார்வர்டு உங்களுக்கும் வந்திருக்கும். அளந்து பார்க்காமல் சொல்லும் எதையும் நான் நம்பத் தயாராக இல்லை.

சரி, எப்படி அளப்பது? முதலில் முள்ளின் குணத்தை ரெண்டு நாள் கவனியுங்கள். எப்போதும் காலி, அல்லது எப்போதும் ஃபுல் என்று ஒரே இடத்தில் கிடந்தால் ஒயர் அறுந்திருக்கலாம், எங்கோ உரசி ஷார்ட் ஆகியிருக்கலாம். ஃப்ளோட் ஓட்டையாகி மூழ்கியிருந்தாலும் காலி என்றே காட்டும். பள்ளத்தில் இறங்கி ஏறும்போது முள் துள்ளினால், தகடு தேய்ந்திருக்கிறது அல்லது எர்த் லூஸ். ஒரு குறிப்பிட்ட இடத்தில் மட்டும், உதாரணத்துக்குப் பாதி டேங்க்கில் மட்டும், திடீரென்று விழுந்து மறுபடி எழுந்தால் தகட்டில் அந்த இடம் தேய்ந்துவிட்டது என்று பெரும்பாலும் சொல்லலாம். பெட்ரோல் முள்ளோடு டெம்பரேச்சர் முள்ளும் சேர்ந்து ஆடினால் டேங்க்கை மறந்துவிட்டு மீட்டரையும் அதன் எர்த்தையும் பாருங்கள்.

நோயே இல்லாத சில அறிகுறிகளும் உண்டு. ஃபுல் டேங்க்கிலிருந்து முள் இறங்கவே மாட்டேன் என்று அடம்பிடித்து, பாதிக்குக் கீழே கடகடவென்று இறங்கினால் பயப்படாதீர்கள். டேங்க் விளிம்பு வரை நிரம்புவதற்கு முன்பே ஃப்ளோட் மேலே முட்டி நின்றுவிடும். டேங்க்கின் வடிவமும் ஒரு காரணம். 37 லிட்டர் டேங்க் உள்ள ஸ்விஃப்ட்டில் 500 ரூபாய்க்கு வரும் ஏறக்குறைய 5 லிட்டர், எட்டில் ஒரு பங்குதான். மீட்டரும் பெட்ரோல் அலையடிப்பதைப் பொருட்படுத்தாமல் இருக்கவே மெதுவாக நகரும்படி செய்யப்பட்டிருக்கிறது. வண்டியை ஆஃப் செய்து போட்டு, சமதளத்தில் நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பிப் பார்த்துவிட்டு அக்காவிடம் பேசுங்கள். பாடி மேம்பாலச் சரிவில் பார்க்கும் அளவு கணக்கில் வராது.

அடுத்தது ஸ்கேனர். மெக்கானிக் ஓபிடி ஸ்கேனர் மாட்டும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். பி0460 முதல் பி0464 வரை ஏதாவது வந்தால் அது எரிபொருள் அளவு சென்சார் பற்றிய கோடு. பி0462 என்றால் சிக்னல் மிகக் குறைவு, பி0463 மிக அதிகம், பி0464 விட்டுவிட்டு வருகிறது என்று அர்த்தம். கோடு வந்தவுடனே 'சென்சார் போச்சு' என்று முடிவு கட்டக்கூடாது. ஒயர் கெட்டாலும் இதே கோடு வரும். லைவ் டேட்டாவில் எரிபொருள் அளவு தெரிகிறதா என்று கேளுங்கள். ஸ்கேனர் 60 சதவிகிதம் காட்டி, முள் காலியில் கிடந்தால் சந்தேகம் மீட்டர் பக்கம். ரெண்டுமே காலி என்றால் டேங்க் அல்லது ஒயர்.

அங்கேயும் முதலில் பார்க்க வேண்டியது கனெக்டர்தான். கொரட்டூர், அம்பத்தூர், ஆவடியில் 2015 வெள்ளத்திலும் 2023 மிக்ஜாமிலும் தண்ணீரில் நின்ற கார்கள் எத்தனை! உள்ளே புகுந்த ஈரம் உடனே வேலையைக் காட்டாது. கனெக்டர் முனைகளில் பச்சைக் களிம்பு பிடிக்கும். அதுவும் ஒரு மின்தடைதான், மீட்டர் அதையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத் தப்பாகக் காட்டும். ஏரிக்கரை வீடுகளில் எலி இன்னொரு எதிரி. களிம்பைச் சுத்தம் செய்வதும் கடிபட்ட ஒயரை ஒட்டுப்போடுவதும் சின்னச் செலவு. டேங்க்குக்குள் இருக்கும் மொத்தத் தொகுதியையும் மாற்றினால் ஆயிரங்களில் போகும். ஏனென்றால், பல கார்களில் ஃப்ளோட் பெட்ரோல் பம்ப்போடு ஒரே தொகுதியாகத்தான் வருகிறது. 'தனியா ஃப்ளோட் மட்டும் கிடைக்குமாண்ணே?' என்று ஒரு வார்த்தை கேட்டு வையுங்கள். சில மாடல்களுக்குக் கிடைக்கும்.

மல்டிமீட்டர் வைத்து ஓம்ஸ் பார்ப்பதுதான் கடைசித் தீர்ப்பு. எண் வண்டிக்கு வண்டி மாறும். சிலவற்றில் காலியில் அதிகம், ஃபுல்லில் குறைவு. சிலவற்றில் தலைகீழ். கழற்றி வெளியே எடுத்த பிறகு கம்பியைக் கீழிருந்து மேலே மெதுவாகத் தள்ளினால் எண் சீராக மாற வேண்டும். நடுவில் எகிறினாலோ காணாமல் போனாலோ சென்சார் குற்றவாளி. சீராக மாறினால், புது பார்ட்டுக்குப் பணம் கொடுக்காதீர்கள். இதை உங்கள் எதிரில் செய்து காட்டச் சொல்வதில் தயக்கமே வேண்டாம், நல்ல மெக்கானிக் கோபப்பட மாட்டார்.

யூடியூப் பார்த்து நீங்களே பின் சீட்டைத் தூக்கி டேங்க் மூடியைத் திறக்க மட்டும் வேண்டாம். பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, காற்றோட்டமான ஒர்க்‌ஷாப்பில் செய்ய வேண்டிய வேலை அது.

பார்ட் வரும்வரை ட்ரிப் மீட்டர்தான் துணை. ஃபுல் டேங்க் போட்டு ட்ரிப்பை ஜீரோ ஆக்குங்கள். லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கொடுக்கும் 37 லிட்டர் வண்டி என்றால், 300 தாண்டியதும் பங்க்குக்கு வண்டியைத் திருப்பிவிடுங்கள். மதுரவாயல் பைபாஸில் ராத்திரி 11 மணிக்கு வண்டி நின்றால், பாட்டிலில் பெட்ரோல் தர பல பங்க்குகள் ஒப்புக்கொள்வதில்லை. டேங்க்குக்குள் இருக்கும் பம்ப்பைக் குளிர்விப்பதே பெட்ரோல்தான் என்பதால், அடிக்கடி வறண்டு ஓடினால் அந்தச் செலவும் சேர்ந்துவரும். டீசல் வண்டி என்றால் லைனில் காற்று பிடித்துவிடும். டீசல் ஊற்றினாலும் காற்றை எடுக்காமல் ஸ்டார்ட் ஆகாமல் படுத்தலாம்.