‘நல்ல ஓட்டல்’ யாருக்கு நல்ல ஓட்டல்?

குற்றாலத்தில் சாரல் விழுந்தால் போதும், மதுரையிலிருந்து தெற்கே கிளம்புகிற வண்டிகளில் ஒரே கேள்விதான் ஓடும். "ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியா போறோம். நல்ல ஓட்டல் எது? மீன் சாப்பாடு எங்க நல்லாருக்கும்?" பதிலும் தயாராக இருக்கும். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கு. ராஜபாளையத்தில் பரோட்டா, சால்னா சாப்பிடு. மீன் வேண்டுமென்றால் இன்ன மெஸ்ஸுக்கு மதியம் சீக்கிரம் போய்விடு, அப்புறம் தீர்ந்துவிடும். யூடியூபில் இதையே ஒருவர் நாக்கில் எச்சில் ஊறப் பேசுவார். நம் தோழர்களும் லைக் போட்டுவிட்டு அதே கடையில் போய் உட்கார்வார்கள்.

நன்றாகச் சாப்பிடுவதில் எனக்கு ஒரு விரோதமும் இல்லை. தலைமுறை தலைமுறையாகப் பழையதையும் மிச்சத்தையும் தின்னச் சொல்லி வைக்கப்பட்டவர்களின் பிள்ளைகள், நாற்காலியில் உட்கார்ந்து, காசு கொடுத்து, வறுத்த மீன் கேட்டுச் சாப்பிடுவதும் அரசியல்தான். கேட்டுச் சாப்பிடுங்கள். ஆனால் அந்த ‘நல்ல’ என்ற சொல்லைக் கொஞ்சம் பிடித்து நிறுத்தி விசாரிக்க வேண்டியிருக்கிறது. யாருக்கு நல்லது? எதை வைத்து நல்லது? ருசி, சுத்தம், விலை, பார்க்கிங் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போடுகிறவர்கள், அந்தக் கடை மனிதரை எப்படி நடத்துகிறது என்பதற்கு மட்டும் ஏன் மதிப்பெண் போடுவதில்லை?

புரட்சியாளர் அம்பேத்கர் தன் வாழ்க்கை அனுபவங்களை எழுதிய சிறு நூல் ‘வெயிட்டிங் ஃபார் எ விசா’. அதை யாரும் பயண நூல் என்று சொல்வதில்லை. ஆனால் அதில் பெரும்பகுதி பயணம்தான். அப்பாவைப் பார்க்க மாட்டுவண்டியில் கோரேகான் போன சிறுவன் பீம்ராவிடம் வீட்டிலிருந்து கட்டி வந்த சாப்பாடு இருந்தது. குடிக்கத் தண்ணீர் தர வழியில் ஆள் இல்லை. தண்ணீர் இல்லாததால் சாப்பாட்டைத் தொடாமலே இரவு படுத்தார்கள். பின்னாளில் அமெரிக்காவிலும் லண்டனிலும் படித்துவிட்டு பரோடா அரசு வேலைக்கு வந்தவருக்கு ஊரில் தங்க இடம் கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றிச் சொல்லித் தங்கினார். 11ஆம் நாள் தடியோடு வந்த கூட்டம் அவரை வெளியேற்றியது. எந்த ஊரில் எது ருசி என்ற கேள்விக்கு முன்னால், எந்த ஊரில் நமக்குத் தண்ணீர் கொடுப்பார்கள் என்ற கேள்வி ஒன்று இருந்தது.

"அதெல்லாம் அந்தக் காலம். இன்னைக்கு ஓட்டலில் யார் சாதி கேட்கிறான்?" என்று உடனே ஒரு குரல் வரும். ராஜபாளையம் கடைத்தெருவில், ஸ்ரீவில்லிபுத்தூர் பேருந்து நிலையத்தில் பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை. அதை மறுக்கவில்லை. ஆனால் அது யாருடைய பெருந்தன்மையிலும் வந்ததில்லை. ரயில் நிலையச் சிற்றுண்டிச் சாலைகளில் பிராமணருக்கென்று இருந்த தனி இடம் பெரியாரின் இயக்கம் போராடி 1941இல் ஒழிந்தது. 1957இல் சென்னை திருவல்லிக்கேணியில் முரளி கஃபேயின் ‘பிராமணாள்’ பலகையை எடுக்கச் சொல்லி மாதக்கணக்கில் மறியல் நடந்து, நூற்றுக்கணக்கானோர் சிறை போனார்கள். கடைகளிலும் உணவகங்களிலும் விடுதிகளிலும் சாதியைச் சொல்லி யாரையும் தடுக்கக் கூடாது என்று அரசியல் சட்டத்தின் 15(2) சொல்கிறது. உணவகத்துக்குள் வருவதையும், அங்குள்ள பாத்திரங்களைப் பயன்படுத்துவதையும் தடுத்தால் குற்றம் என்று 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. பாத்திரம் வரைக்கும் சட்டத்தில் எழுத வேண்டியிருந்தது என்றால், நோய் எங்கே இருந்தது என்று புரிகிறதா? நீங்கள் உட்கார்ந்திருக்கிற அந்த பிளாஸ்டிக் நாற்காலிக்கும் ஒரு போராட்ட வரலாறு இருக்கிறது.

நெடுஞ்சாலையை விட்டுக் கிராமத்துக்குள் வண்டியைத் திருப்புங்கள். ராஜபாளையத்துக்கு அடுத்த வட்டாரம்தான் சங்கரன்கோவில். அதன் அருகே பாஞ்சாகுளம். 2022 செப்டம்பரில் அங்கே தின்பண்டம் வாங்கப் போன பள்ளிப் பிள்ளைகளிடம், ஊரில் கட்டுப்பாடு போட்டிருக்கிறது, உங்கள் தெருவுக்கு இனி விற்பதில்லை, வீட்டில் போய்ச் சொல்லுங்கள் என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். அதை வீடியோவாகவும் எடுத்துப் பரப்பினார்கள். வெட்கப்பட வேண்டிய செயலைப் பெருமையாகப் படம் பிடிக்கிற மனநிலை எப்படி வந்தது? கைது நடந்தது, கடைக்குச் சீல் வைத்தார்கள், குற்றம் சாட்டப்பட்டவர்கள் 6 மாதம் ஊருக்குள் வரக் கூடாது என்று வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்படி நீதிமன்றம் உத்தரவிட்டது. சட்டத்தைக் கையில் எடுத்து வேலை செய்தால் அது வேலை செய்யும் என்பதற்குப் பாஞ்சாகுளமே சாட்சி.

அதே ஆண்டு டிசம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் இறையூரில் தேநீர்க்கடையின் இரட்டைக் குவளையை மாவட்ட ஆட்சியரே நேரில் கண்டு வழக்குப் பதியச் சொன்னார். குவளை பிடிபடுகிறது என்று தெரிந்ததும் சில ஊர்களில் தந்திரம் மாறியது. ஊர்க்காரருக்குக் கண்ணாடி டம்ளர், காலனிக்காரருக்குப் பேப்பர் கப். ஊர்க்காரருக்கு பெஞ்சு, காலனிக்காரருக்குப் பார்சல். கேட்டால் ‘சுகாதாரம்’ என்பார்கள்.

பயணத்துக்கே இந்த மண்ணில் என்ன நடந்தது என்பதையும் மறக்க வேண்டாம். 1997இல் விருதுநகர் மாவட்டத்தில் வீரன் சுந்தரலிங்கம் பெயரில் போக்குவரத்துக் கழகம் தொடங்க அரசு அறிவித்தது. ஒரு தலித் வீரனின் பெயர் எழுதிய பேருந்தில் ஏற மாட்டோம் என்று ஆதிக்க சாதியினர் கிளம்பினார்கள். தென்மாவட்டங்கள் பற்றி எரிந்தன. கடைசியில் மாவட்டங்களுக்கும் போக்குவரத்துக் கழகங்களுக்கும் வைத்திருந்த எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் அரசு எடுத்துவிட்டது. பேருந்தின் பெயர்ப்பலகையிலேயே தலித் பெயரைப் பொறுக்காத சமூகம், ஓட்டலின் பெயர்ப்பலகையில் பொறுக்குமா?

இப்போது பலகைகளைப் பார்ப்போம். ஐயர் மெஸ் உண்டு. ஐயங்கார் பேக்கரி உண்டு. நாயுடு ஓட்டல், கோனார் கடை, செட்டிநாடு, முதலியார், பிள்ளை எல்லாம் உண்டு. அதைப் பார்த்ததும் ‘பாரம்பரியக் கைப்பக்குவம்’ என்று நாக்கு சொட்டுகிறது. பறையர் மெஸ், பள்ளர் மெஸ், அருந்ததியர் மெஸ் என்று எந்த ஊர்ப் பலகையிலாவது படித்திருக்கிறீர்களா? ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும் சேர்ந்திருக்கிற தென்காசி மக்களவைத் தொகுதியே தனித்தொகுதி. அதிலுள்ள 6 சட்டமன்றத் தொகுதிகளில் ஸ்ரீவில்லிபுத்தூர், சங்கரன்கோவில், வாசுதேவநல்லூர் மூன்றும் தனித்தொகுதிகள். அவ்வளவு மக்கள் இருக்கிறார்கள். ஓட்டுச்சாவடியில் கணக்கில் வருகிறவர்கள், ஓட்டல் பலகையில் கணக்கில் வருவதில்லை. ஒரு சாதியின் பெயர் பலகையில் ஏறினால் ருசிக்கு உத்தரவாதம், இன்னொரு சாதியின் பெயர் ஏறினால் கடை அன்றோடு மூடல். இதற்குப் பெயர் கைப்பக்குவமா, சாதிப் பக்குவமா?

சமைக்கிற கையைப் பார்க்கிற புத்தி பள்ளிக்கூடம் வரைக்கும் வந்திருக்கிறது. 2023இல் எட்டயபுரம் அருகே உசிலம்பட்டி தொடக்கப் பள்ளியில், சமைத்தவர் தலித் பெண் என்பதற்காகப் பிள்ளைகளைக் காலை உணவு சாப்பிட விடாமல் தடுத்தார்கள். மக்களவை உறுப்பினர் நேரில் வந்து பிள்ளைகளோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டியிருந்தது. இலவசமாகக் கிடைக்கும் உப்புமாவிலேயே சாதி பார்க்கிறவர்கள், காசு கொடுத்து வாங்கும் பிரியாணியில் பார்க்க மாட்டார்களா? அதனால்தான் நம்மவர்கள் கடை வைத்தால் சாமி பெயரையோ, பிள்ளையின் பெயரையோ வைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு வியாபாரம் செய்கிறார்கள்.

உணவுப் பட்டியலில் விட்டுப்போனது ஆள் மட்டும் இல்லை, உணவும்தான். மாட்டுக்கறியும், குடலும், உப்புக்கண்டமும், பன்றிக்கறியும் ‘தென்மாவட்டச் சுவை’ என்ற பட்டியலில் வருவதே இல்லை. அரசாங்கமே அப்படித்தான் யோசிக்கிறது. 2022 மே மாதம் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா அறிவித்தார்கள். மாட்டுக்கறி பிரியாணிக்குப் பெயர்போன ஊரில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்றார்கள். எதிர்ப்பு வந்ததும் மழையைக் காரணம் காட்டி விழாவைத் தள்ளிவைத்தார்கள். இது சாதிப் பாகுபாடு இல்லையா என்று ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. ஒரு தட்டில் எது இருக்கலாம் என்று முடிவு செய்கிறவர்கள்தான், யார் பந்தியில் உட்காரலாம் என்றும் முடிவு செய்கிறார்கள்.

சரி, மீனுக்கு வருவோம். மலையடிவாரத்து ஊர்களில் கடல் மீனைத் தேடுகிற தோழர்களே, ஐஸ் பெட்டியும் லாரியும் வருவதற்கு முன்னால் இந்தப் பக்கத்து ஏழைக்குக் கடல் எப்படி வந்தது? கருவாடாக வந்தது. சந்தையில் நெத்திலியும் சாளையும் வாங்கி, கத்தரிக்காய் போட்டுக் குழம்பு வைத்தால் ஒரு சட்டிச் சோறு இறங்கும். அந்தக் குழம்புக்கு எந்தப் பயணப் பட்டியலிலும் நட்சத்திரம் கிடையாது. ஆனால் வாடகை வீடு கேட்டுப் போனால் முதல் நிபந்தனையே அதுதான்: "கருவாடு எல்லாம் சமைக்க மாட்டீங்கதானே?" வாடை என்ற ஒரே சொல்லில் சாதி கேட்கிற வித்தை அது.

மீன் ருசிக்கும், மீன்காரி நாறுவாள். 2021 டிசம்பரில் குளச்சல் பேருந்து நிலையத்தில், மீன் விற்றுவிட்டு வீடு திரும்பிய மூதாட்டி ஒருவரை வாடை அடிக்கிறது என்று அரசுப் பேருந்திலிருந்து இறக்கிவிட்டார்கள். முதலமைச்சர் கண்டித்தார், ஊழியர்கள் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த அம்மா தலையில் சுமந்த மீனைத்தான் மெஸ்ஸில் வாழையிலையில் வைத்துப் படம் எடுத்துப் போடுகிறோம்.

கடல் மீனை விடுங்கள், கண்மாய் மீன்? விராலும் கெளுத்தியும் அயிரையும் கிடக்கிற கண்மாயை ஏலம் எடுப்பது யார்? 1997 ஜூன் 30 அன்று மதுரை மாவட்டம் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனையும் உடனிருந்தவர்களையும் பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் 2006 வரை தலித் தலைவரை உட்கார விடவே இல்லை. ஒரு நாற்காலிக்கு ஏன் இவ்வளவு வெறி? பாதி சாதித் திமிர். மீதி, ஊரின் பொதுச்சொத்து யார் கையில் இருப்பது என்ற கணக்கு. கண்மாய் மீனும் அந்தக் கணக்கில் உண்டு. குழம்பில் மிதக்கிற மீன் துண்டைப் பார்க்கும்போது அது எந்தக் கண்மாய், யார் குத்தகை என்று கேட்பது அதிகப்பிரசங்கித்தனம் ஆகாது.

அமெரிக்காவில் விக்டர் ஹியூகோ கிரீன் என்ற கறுப்பினத் தபால்காரர் 1936இல் ஒரு கையேடு போட்டார். கறுப்பின மக்கள் பயணம் போனால் எந்த ஊரில், எந்தக் கடையில் அவமானப்படாமல் சாப்பிடலாம், எங்கே தங்கலாம் என்ற பட்டியல் அது. ‘கிரீன் புக்’ என்பார்கள். 30 ஆண்டு வந்தது. 1960 பிப்ரவரி 1 அன்று கிரீன்ஸ்பரோ நகரில் 4 கறுப்பின மாணவர்கள், வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த உணவுக் கவுண்டரில் உட்கார்ந்து காபி கேட்டார்கள். எழ மறுத்தார்கள். 1964இல் சட்டம் வந்தது. பட்டியல் போட்டதும் போராட்டம், உட்கார்ந்ததும் போராட்டம்.

நாமும் ஒரு பட்டியல் போடலாமே என்று உங்களுக்குத் தோன்றும். எனக்கும் தோன்றுகிறது. ஆனால் இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. கிரீன் புக்கில் கறுப்பினத்தவர் நடத்தும் கடையைப் பெயர் போட்டு எழுத முடிந்தது. இங்கே "இது நம்ம ஆள் கடை, சூப்பரா இருக்கும்" என்று நீங்கள் பாசத்தில் ஒரு பதிவு போட்டால், மறுநாள் அவர் கடையில் கூட்டம் குறையலாம். அவர் சம்மதம் இல்லாமல் அவர் சாதியை எழுதாதீர்கள். பாராட்டே ஒருவர் பிழைப்பைக் கெடுக்கும் என்றால், ‘ஓட்டலில் யார் சாதி பார்க்கிறான்’ என்ற கேள்விக்கு அதைவிட என்ன பதில் வேண்டும்?

எனவே கடைக்காரரின் சாதியை எழுத வேண்டாம், கடையின் நடத்தையை எழுதுவோம். அடுத்த முறை போகும்போது பாருங்கள். எல்லோருக்கும் ஒரே டம்ளரா? துப்புரவுப் பணி முடித்து வருகிற தொழிலாளி உள்ளே உட்கார்ந்து சாப்பிடுகிறாரா, வாசலில் நின்று பார்சல் வாங்குகிறாரா? இலை எடுப்பவர் எங்கே உட்கார்ந்து சாப்பிடுகிறார்? கல்லாவிலும் அடுப்படியிலும் எல்லோருக்கும் இடம் இருக்கிறதா, எச்சில் தட்டில் மட்டும்தான் இடமா? மாட்டுக்கறி போடுகிற கடை என்றால் அதையும் தயங்காமல் எழுதுங்கள். எட்டு வரி ருசியைப் பற்றி எழுதினால் இரண்டு வரி இதைப் பற்றி எழுதுங்கள். நம்மவர் கடை என்று தெரிந்தால் கடன் சொல்லாமல், தள்ளுபடி கேட்காமல், முழுக் காசு கொடுத்துச் சாப்பிடுங்கள்.

இரட்டைக் குவளையோ, உட்காரத் தடையோ கண்ணில் பட்டால் சும்மா திரும்பி வராதீர்கள். படம் எடுங்கள், நாளும் நேரமும் குறித்துக்கொள்ளுங்கள், அந்த ஊர்த் தோழர்களிடம் பேசுங்கள். நீங்கள் வண்டி ஏறிப் போய்விடுவீர்கள், அங்கேயே இருக்கப் போகிறவர்கள் அவர்கள். அவர்களைக் கேட்டு, அவர்களோடு நின்று புகார் கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்ட வழக்கை டி.எஸ்.பி. தகுதிக்குக் குறையாத அதிகாரிதான் விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்தில் இழுத்தடித்தால் 14566 என்ற தேசிய உதவி எண் இருக்கிறது.

பால்கோவா இனிக்கட்டும், பரோட்டா மொறுமொறுவென்று இருக்கட்டும், மீன் புதுசாக இருக்கட்டும். அதோடு, பாஞ்சாகுளத்துப் பிள்ளைகள் கையில் காசோடு எந்தக் கடை வாசலில் போய் நின்றாலும் கேட்டது கிடைக்க வேண்டும். அப்படிப்பட்ட கடையைத்தான் நாம் நல்ல கடை என்று எழுத வேண்டும்.

ஜெய்பீம்.